வெர்லா வீட்டுக் கதவில் இருந்த கைகள்

வெர்லா ஹாகன் வீட்டில் தொலைபேசி அடித்தால் அவள் எடுத்ததும் கேட்பது "யாரு?" என்று அல்ல, "எந்தக் குதிரை?" என்றுதான். அதிலும் வியாழக்கிழமை சாயங்காலம் என்றால் வேறு விஷயத்துக்கு அவளை யாரும் கூப்பிடவே மாட்டார்கள். வார இறுதியில் நடக்கும் ரோடியோ என்ற குதிரையேற்றப் போட்டிக்கு யாருக்கு எந்தக் குதிரை என்று சீட்டு எடுப்பது வியாழன். சீட்டு விழுந்த மறு நிமிடம் எங்கள் ஜில்லாப் பையன்கள் அத்தனை பேரும் அவள் வீட்டு நம்பரைத்தான் சுற்றுவார்கள்.

"மிசஸ் ஹாகன், எனக்குத் தகர டப்பாங்கற குதிரை விழுந்திருக்கு. கயிறு எவ்வளவு விடணும்?"

"பேரச் சொல்லுடா முதல்ல."

"கோல்பி. கோல்பி ராஸ்முசன்."

"இரு, கதவப் பாத்துட்டு வரேன்."

துள்ளுகிற குதிரைமேல் எட்டு நொடி உட்கார்ந்திருக்க வேண்டும். பிடித்துக்கொள்ள இருப்பது குதிரையின் தலையிலிருந்து வரும் ஒற்றைக் கயிறு, அதையும் ஒரு கையால்தான் பிடிக்கலாம். அந்தக் கயிறு எவ்வளவு நீளம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குட்டையாகப் பிடித்தால் குதிரை தலையைத் தாழ்த்தும்போது உன்னையும் சேர்த்து இழுத்துத் தன் காதுக்கு மேலே எறிந்துவிடும். நீளமாக விட்டாலோ பிடிமானமே இல்லாமல் பின்னால் சரிந்து போய் விழுவாய். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு அளவு உண்டு. அதை யாரும் அளவுகோல் வைத்து அளப்பதில்லை. சேணத்தின் முன்மேட்டிலிருந்து கயிற்றின்மேல் கையை வைத்து அளப்பார்கள். ஒரு முட்டி, நீட்டிய கட்டைவிரல், தேவையென்றால் மேலே ஒன்றிரண்டு விரற்கடை. அளந்த இடத்தில் அந்தக் குதிரையின் பிடரியிலிருந்தே நாலு மயிரைப் பிடுங்கி முடிந்துவிட்டால் அடையாளம் தயார்.

இன்னொன்றும் உண்டு. அளவு கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்பவன் உன்னைத் தோற்கடிக்க வந்தவனாக இருந்தாலும் சரி. இதில் பொய் சொன்னவன் எங்கள் ஊரில் பிறகு காபிக் கடையில் தனியாகத்தான் உட்கார வேண்டும்.

வெர்லாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அவள் அப்பா ரோடியோவுக்குக் குதிரை வளர்த்து அனுப்பியவர். பன்னிரண்டு வயதிலிருந்து அந்தக் குதிரைகளில் ஏறி, விழுந்து, மறுபடி ஏறி அவற்றின் குணத்தைப் பார்த்துச் சொன்னது அவள்தான். ஆனால் ரோடியோ மைதானத்தில் அவளை ஏற விட்டார்களா என்றால், இல்லை. பொம்பளைப் பிள்ளை, பெண்களுக்கென்று வைத்திருக்கும் பந்தயத்தில் பீப்பாயைச் சுற்றிக் குதிரை ஓட்டினால் போதும் என்றார்கள். அந்தக் கோபம் அவளுக்குக் கடைசி வரை ஆறவில்லை. ஆறாத கோபத்தை என்ன செய்வது? அடுத்தவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அவள் கட்டிக்கொண்ட ஓரினுக்கு ரோடியோவில் வேறு வேலை. எட்டு நொடி முடிந்ததும் தன் பெரிய குதிரையைத் துள்ளுகிற குதிரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போய், மேலே இருப்பவனைக் கைகொடுத்து வாங்கித் தரையில் இறக்கிவிட வேண்டும். பாதி ஜில்லாவைக் கட்டிப்பிடித்த மனிதன் என்று அவனைக் கேலி செய்வார்கள். அவனிடம் போய் அளவு கேட்டால், "விழப்போறவனத் தாங்கறது மட்டுந்தான் எனக்குத் தெரியும். அளவெல்லாம் அவகிட்ட கேளு" என்று கைகாட்டிவிடுவான்.

முதலில் வெர்லா தன் கை அளவில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கை சின்னது. ஒரு தடவை அவள் சொன்ன அளவை ஒரு நெட்டைப் பையன் தன் கையால் அளந்து, பின்னால் போய் விழுந்து, தோள்பட்டையை உடைத்துக்கொண்டான். அன்றைக்குப் பிறந்தது அவளுடைய அடுத்த கேள்வி: "உன் கையா, என் கையா?" பையன்கள் வெறும் குரலாக வந்தால் கையை எங்கே பார்ப்பது? அதற்காகத்தான் கதவு. சமையலறையில் சாமான் அறைக்கு ஒரு வெள்ளைக் கதவு இருந்தது. பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவனையும் அதில் கையை விரித்து வைக்கச் சொல்லி, தச்சுப் பென்சிலால் சுற்றி வரைந்து, பேரும் மாதமும் எழுதிவிட்டாள். எவனாவது கூப்பிட்டால், அவன் கைமேல் தன் கையை வைத்துப் பார்த்து, அவன் கைக்கு மாற்றிச் சொல்வாள். வளர்கிற பிள்ளைகள் என்பதால் ஏப்ரல் முதல் புதன்கிழமை பழசை அழித்துவிட்டுப் புதிதாக வரைவாள்.

புதன்கிழமை என்றால் அவள் வீட்டில் கல்யாணக் கூட்டம்தான். பின்கட்டு மைதானத்தில் பத்துப் பதினைந்து பேர். அவளிடம் பாராட்டு வாங்குவது லேசில்லை. "உக்காந்தது போதும், இப்ப விழுந்து காட்டு" என்பாள். விழத் தெரியாதவனை அவள் குதிரை ஏற விடவே மாட்டாள். முடிந்ததும் அடுப்பிலிருந்து மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட பெரிய தட்டு வரும், பின்னாலேயே ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு. வீட்டில் சரியாகச் சாப்பாடு இல்லாத பிள்ளை யார் என்று அவளுக்குத் தெரியும். அவன் தட்டில் கேட்காமலே இரண்டாவது தடவை விழும். கிளம்பும் முன் எல்லோரும் அம்மாவுக்குப் போன் செய்து "உசுரோட இருக்கேன்" என்று சொல்லியாக வேண்டும், அதுவும் சட்டம்.

இந்தக் கூட்டத்தில் அவளுடைய ஒரே பிள்ளை டெரிலும் இருந்தான். மற்றவர்களுக்குச் சேணம் கட்டுவான், குதிரை துள்ளிப் புறப்படும் கூண்டின் கதவைத் திறந்துவிடுவான், கடைசியில் தானும் ஏறுவான். நன்றாக ஏறுவான். அம்மா முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. ரோடியோவுக்குப் போனால் அவன் கயிற்றில் மட்டும் அவளே கையை வைத்து அளந்து அவளே மயிரை முடிவாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அளவு, அவனுக்கு அம்மா.

தொண்ணூற்றெட்டு ஜூனில் பெல் ஃபூஷில் மாநில உயர்நிலைப் பள்ளி இறுதிப் போட்டி. டெரிலுக்கு அது கடைசி வருஷம். வெர்லா போகவில்லை. வெட்டிப் போட்ட புல் வயலில் கிடந்தது, மேற்கே மேகம் கட்டியிருந்தது, யாராவது ஒருவர் இருந்து கட்டியாக வேண்டும். ஓரின் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனான். சீட்டு விழுந்த சாயங்காலம் இரண்டு போன் வந்தது. முதலில் கோல்பி, தகர டப்பாவுக்கு. அடுத்தது டெரில்.

"மா, எனக்குப் பாதிரியார் சம்சாரம்."

வெர்லா சிரித்துவிட்டாள். அது அவர்கள் வீட்டில் பிறந்த குதிரை. கூண்டுக்குள் நிற்கும்போது அத்தனை அடக்கம், கதவு திறந்தால் ஊரே பார்க்க ஆடும், அதனால் அந்தப் பேர்.

"இருடா, வரேன்" என்று கதவுக்குப் போனாள். டெரில் என்று எழுதியிருந்த கைமேல் தன் கையை வைத்தாள். திரும்பி வந்து சொன்னாள்: "ஒரு முட்டி, கட்டவிரல், மேல ரெண்டு விரக்கடை."

"ரெண்டா? அவ்வளவா?"

"நான் சொல்றேன்ல."

ஏழாவது நொடியில் டெரில் பின்பக்கமாக விழுந்தான். எட்டு நொடி முழுசாக இல்லாவிட்டால் புள்ளியே கிடையாது. கோல்பி எட்டும் இருந்து பட்டத்தை வாங்கிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்த டெரில் சாப்பிடவில்லை. சமையலறையில் நின்றுகொண்டே சொன்னான்: "கயிறு நீளமா இருந்துச்சும்மா."

வெர்லா மூன்று நாள் புல் கட்டிய அசதியில் இருந்தாள். அது ஒரு காரணமா? இல்லை. அவள் அளவை யாரும் தப்பு என்று சொன்னதில்லை, அந்தத் தலைக்கனம்தான்.

"நான் குடுத்தது சரி. நீதான் அவசரத்துல பிடிய விட்டுட்ட."

"விடல."

"விடாம எப்படிடா விழுவ?"

அவன் கயிற்றைக் கொட்டிலில் ஒரு சாக்குக்குள் போட்டுக் கட்டி ஆணியில் மாட்டினான். ஆகஸ்டில் வடக்கே வாட்ஃபர்ட் சிட்டிப் பக்கம் எண்ணெய்க் கிணறுகளுக்கு லாரி ஓட்டக் கிளம்பிவிட்டான். பிறகு அவன் குதிரை ஏறவே இல்லை.

சண்டை என்று ஒன்றும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு வருவான், அம்மாவின் கூரையைச் சரிசெய்வான், காற்று எப்படி, மழை எப்படி என்று பேசுவான். ஷான்னா என்ற நல்ல பெண்ணைக் கட்டிக்கொண்டான். புதன்கிழமைகளில் மட்டும் வரமாட்டான். ஓரின் இறந்து, அடக்கம் முடிந்து, சர்ச்சின் அடித்தளத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ அவனிடம், "நல்லாத்தானே ஏறிட்டிருந்த, ஏன் விட்டுட்ட?" என்று கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எங்கம்மா அளந்து குடுத்தும் விழுந்தவன் நான். அதுக்கு மேல என்ன இருக்கு?"

இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த வெர்லாவின் காதில் அது விழுந்தது. பிள்ளை தன்மேல் கோபமாக இருக்கிறான் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை. அவன் அவளை நம்பியிருக்கிறான். அம்மா சொன்ன அளவு தப்பாக இருக்காது, அதனால் தப்பு நான்தான் என்று முடிவு கட்டிவிட்டான். ஆனால் அன்றைக்கும் தன் அளவு சரிதான் என்றுதான் அவள் நினைத்தாள். பிடி நழுவினால் என்ன, எத்தனை பேருக்கு நழுவியிருக்கிறது, அப்படி அவனிடம் அன்போடு சொல்லியிருக்கலாமே என்பதோடு அவள் வருத்தம் நின்றுவிட்டது.

போன ஏப்ரல் முதல் புதன்கிழமை கோல்பி ராஸ்முசன் தன் மகள் ஜோசியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு இப்போது தலை வழுக்கை, சொந்தமாகக் குதிரைக் கூட்டம். ஜோசிக்குப் பதின்மூன்று வயது, குதிரை ஏற வேண்டும் என்கிறாள். பீப்பாய் சுற்ற அல்ல, துள்ளுகிற குதிரையில். வெர்லாவுக்கு வாயெல்லாம் பல்.

"பொண்ணுங்கள இப்ப ஏற விடறாங்களா?"

"விடாம பாக்கட்டும்" என்றாள் ஜோசி.

"இவள எனக்குக் குடுத்துட்டுப் போடா" என்றாள் வெர்லா கோல்பியிடம்.

கையை வரையப் பென்சிலைத் தேடப் போனாள். அதற்குள் ஜோசி கதவில் இருந்த கைகளிலெல்லாம் தன் கையை வைத்து வைத்துப் பார்த்தாள். வளர்ந்து போனவர்களின் கடைசிக் கையை வெர்லா அழிப்பதில்லை, அதனால் அங்கே நாற்பது வருஷத்துக் கைகள் இருந்தன.

"அப்பா, இது நீங்க! எவ்வளவு பெரிசு. இது யாரு, டெரில்? இவரு கை என் கை மாதிரியே இருக்கே. சரியாப் பொருந்துது பாருங்க."

கோல்பி சிரித்தான். "டெரில் கையா? அவனுக்கு மம்பட்டி மாதிரி கைம்மா. என் கையவிடப் பெரிசு. வேற யாரோடதாவது இருக்கும்."

வெர்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தாள். கோல்பியின் கைக்குக் கீழே அவள் எழுத்தில் "ஏப்ரல் 98" என்றிருந்தது. டெரிலின் கைக்குக் கீழே இருந்ததும் அவள் எழுத்துதான். "ஏப்ரல் 94."

அவள் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பதினாலு வயதுப் பிள்ளையின் கை. அதன்மேல்தான் அன்றைக்குத் தன் கையை வைத்து அளவு சொல்லியிருக்கிறாள். சின்னக் கைக்குச் சொன்ன இரண்டு விரற்கடையை அவன் மம்பட்டிக் கையால் அளந்தால் கயிறு நீளாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு ஏப்ரலிலும் அவன் வெளியே யாருக்காவது சேணம் கட்டிக்கொண்டிருப்பான். ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். வீட்டுப் பிள்ளைதானே, எப்போது வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம் என்று அடுத்த பையனைக் கூப்பிடுவாள். நாலு ஏப்ரல் அப்படிப் போயிருக்கிறது. தினமும் தன் கையால் சோறு போட்டவள், அந்தக் கை வளர்ந்ததைக் கவனிக்கவில்லை.

"மிசஸ் ஹாகன், மேலுக்கு முடியலியா? தண்ணி கொண்டுவரவா?" என்றான் கோல்பி.

"தண்ணி வேணாம். திருப்புளி எடுத்துட்டு வா. இந்தக் கதவக் கழட்டு."

"எதுக்கு?"

"கேள்வி கேக்காதடா. கழட்டு."

மறுநாள் காலையில் கதவைக் குதிரைக் கம்பளியில் சுற்றி, பிக்கப் வண்டியின் பின்னால் படுக்கவைத்துக் கட்டினாள். கொட்டிலுக்குப் போய் ஆணியிலிருந்து அந்தச் சாக்கையும் எடுத்து முன்சீட்டில் போட்டுக்கொண்டாள். நூற்றெண்பது மைல். எழுபது வயதுக்காரி அந்தக் காற்றில் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு வடக்கே போவதைப் பார்த்த லாரிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ. வழி முழுக்க அவள் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். பவ்மன் தாண்டும்போது ஒன்று நன்றாக அமைந்தது, பெல்ஃபீல்டு வருவதற்குள் மறந்துவிட்டது.

டெரில் வீட்டு வாசலில்தான் இருந்தான். அவள் வண்டியைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"என்னம்மா? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. பின்னாடி ஒரு கதவு இருக்கு, இறக்கு."

"கதவா?"

"இறக்குடா."

இறக்கினான். கார் கொட்டகைச் சுவரில் சாய்த்துக் கம்பளியை எடுத்தாள். அவனுக்குத் தெரியாத கதவா? அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உன் கை எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கா? அதுல கைய வை."

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?"

"வைப்பா. எனக்காக வை."

அவன் வைத்தான். பென்சில் கோடு முழுக்க அவன் கைக்கு அடியில் மறைந்துபோனது. விரல் ஒவ்வொன்றும் கோட்டைத் தாண்டி ஒரு கணு நீண்டிருந்தது. வெர்லா அதன் கீழே விரலை வைத்து வருஷத்தைக் காட்டினாள். அவன் படித்தான். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு வரவில்லை.

"நீளமா இருந்துச்சுன்னு சொன்ன. நீ சொன்னது சரிடா. நீ பிடிய விடல. நான்தான் பதினாலு வயசுக் கைய வெச்சு அளந்து குடுத்துட்டேன். கோல்பி கைய வருஷா வருஷம் வரைஞ்சேன், அந்த ரிக்டர் பையன் கைய வரைஞ்சேன், எவன் எவன் கையவோ வரைஞ்சேன். உன் கைய நாலு வருஷம் பாக்கவே இல்ல. பாக்காம இருந்துட்டு, பழியையும் உன்மேலயே போட்டேன்."

டெரில் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. கதவிடம் சொல்வதுபோலச் சொன்னான்:

"ஏழு நொடி இருந்தேன்மா. அந்த நீளக் கயித்துல."

"ஆமா."

"அவமேல ஏழு நொடி."

"சரியான கயித்துலயே அந்த வருஷம் அவமேல ஏழு நொடி எவனும் இருந்ததில்லடா. உங்கப்பா அன்னிக்கு ராத்திரியே சொன்னாரு. நான் காதுல வாங்கல."

அவன் வண்டியின் பின்பலகையில் போய் உட்கார்ந்தான். நாற்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை, கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஷான்னா ஜன்னலில் வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெர்லா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தோளில் கையை வைக்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது, வைத்தாள். அவன் தள்ளவில்லை.

"அப்ப எவ்வளவு?" என்று கேட்டான், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு எவ்வளவு விட்டிருக்கணும்?"

"உன் கையா, என் கையா?" வழக்கத்தில் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவன் சிரித்துவிட்டான். "என் கைம்மா."

வெர்லா அவன் கையை எடுத்துத் தன் மடியில் விரித்து வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தாள். அவள் கை அதில் பாதிக்குத்தான் வந்தது.

"ஒரு முட்டி, கட்டவிரல். அவ்வளவுதான். ரெண்டு விரக்கடையும் வேணாம்."

முன்சீட்டிலிருந்து சாக்கை எடுத்து வந்து பிரித்தாள். கயிற்றில் பாதிரியார் சம்சாரத்தின் பிடரி மயிர் முடிச்சு இன்னும் இருந்தது, அவன் அன்றைக்குத் தன் கையால் முடிந்தது. அவிழ்க்கப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்து மயிர், பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த இடத்தில் அவனை இரண்டு விரலை வைக்கச் சொல்லி, அதற்கு இந்தப் பக்கம் நகத்தால் ஒரு குறி போட்டாள். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் தலையிலிருந்து நாலு நரைமயிரைப் பிடுங்கினாள்.

"ஐயோ, வலிக்கலியா?"

"இருந்ததே இந்த நாலுதான். பேசாம கயித்தப் பிடி."

முடிச்சு இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை இறுக்கினாள். டெரில் அந்த முடிச்சில் கயிற்றைப் பிடித்து, கூண்டுக் கதவு திறக்கப் போகிறவனைப் போலக் கையைத் தூக்கிப் பார்த்தான்.

"இப்ப சரியா இருக்கும்மா" என்றான்.